வெயில் உறுதி, காற்று உறுதியில்லை: தீவு விடுமுறையில் விண்ட்சர்ஃபிங்குக்குத் திட்டமிடுவது எப்படி?

கரையோரத்தான்

அனைவருக்கும் வணக்கம். மூன்றாண்டுகளாக விண்ட்சர்ஃபிங், அதாவது காற்றைப் பிடிக்கும் துணிப்பாய் பொருத்திய பலகையில் நின்று நீரில் ஓடுவது, பழகிவருகிறேன். எடை 82 கிலோ. பலகை மேல் நின்று பாயைக் கயிற்றால் தூக்கிக் கிளம்புவதும், பாயோடு கொக்கியால் இணையும் இடுப்புப் பட்டையான ஹார்னஸில் உடலைச் சாய்த்து நேர்க்கோட்டில் விரைவதும் கைவந்துவிட்டன. நீரில் கிடந்தபடியே காற்றின் இழுப்பில் எழும் வாட்டர்ஸ்டார்ட் மட்டும் பத்து முறைக்கு நான்கு முறைதான் வாய்க்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பத்து நாள் ஒதுக்கியிருக்கிறேன். சென்ற முறை பட்ட பாட்டை மறுபடி படக்கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற முறை போன தீவில் வெயிலுக்குக் குறைவே இல்லை. காற்றுதான் ஒரு நிலையில் நிற்கவில்லை. முற்பகல் பதினொரு மணிக்குக் கடல் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல் கிடக்கும். இரண்டு மணிக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்ணுரை ஓடும். நான் வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பாயை மாற்றித் தருவோம் என்றார்கள். பணம் கட்டிய பிறகுதான் இந்த நிபந்தனை தெரிந்தது. நான்காம் நாள் காலையில் காற்று மெலிந்திருந்ததால் 7.0 சதுர மீட்டர் பாயை எடுத்துக்கொண்டேன். பிற்பகலில் காற்று ஏறிய பிறகும் அதே பாயுடன் கிளம்பி, மூன்றாவது வீச்சில் பாயைப் பிடிக்கும் குறுக்குத்தண்டான பூமிலிருந்து கை கழன்று, ஹார்னஸ் கொக்கி கழலாமல், பாயோடு சேர்த்துத் தலைகுப்புற எறியப்பட்டேன். எலும்பு முறியவில்லை என்பது ஒன்றே ஆறுதல். பலகையின் மூக்கு உடைந்ததற்குத் தண்டம் கட்டினேன்.

என் கேள்விகள் இவை. மாறும் காற்றையே தவிர்த்துவிட்டு, நிலையாக வீசும் தீவாகப் பார்த்துப் போவது நல்லதா? அல்லது மாறுவதற்கேற்பத் திட்டமிடும் வழி ஏதும் உண்டா? சொந்தப் பாய்களை விமானத்தில் கொண்டுபோகலாமா?

வாடைக்காரன்

முதல் கேள்விக்கு என் பதில் நேரானது: நிலையான காற்றைத் தேடிப் போங்கள். கிடைக்கும் பத்து நாளில் நான்கு நாள் காற்றுக்காகக் கரையில் குந்தியிருப்பதற்கா இவ்வளவு தூரம் பறக்கிறோம்?

கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற காற்றைத்தான் நான் ஆண்டுதோறும் துரத்துகிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அது உச்சத்தில் இருக்கும். மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் நாள்கணக்கில் விடாமல் வீசும் என்பதுதான் அதன் தனித்தன்மை. கார்பதோஸ் தீவின் அஃபியார்ட்டிஸ் விரிகுடா வேகப் பித்தர்களுக்கானது; உங்கள் நிலைக்கு அதன் வெளிப்பகுதி சற்றுக் கடினமாக இருக்கலாம். ரோட்ஸ் தீவின் தென்கோடியில் பிரசோனிசி என்றொரு மணல்திட்டு இருக்கிறது. திட்டின் ஒரு பக்கம் அலைகள் எழும், மறுபக்கம் நீர் தட்டையாகக் கிடக்கும், இரண்டுக்கும் ஒரே காற்றுதான். காலையில் தட்டை நீரில் ஓட்டிவிட்டு, துணிவு வந்ததும் மணலைக் கடந்து மறுபக்கம் போய்ப் பார்க்கலாம்.

மாறினாலும் பரவாயில்லை, மாறும் நேரம் தெரிந்தால் போதும் என்றால் கிரேக்கத்தின் மேற்குப்புறத்தில் உள்ள லெஃப்கடா தீவின் வசிலிகி விரிகுடா. காலையில் கடலிலிருந்து கரை நோக்கி மெல்லிய காற்று வரும். கற்றுக்கொள்பவர்கள் அப்போது இறங்குவார்கள். பிற்பகலில் மேற்குப்புற மலைச்சரிவிலிருந்து இன்னொரு காற்று இறங்கிக் கரைக்கு இணையாக வீசும். அங்கு வழக்கமாக வருபவர்கள் அதற்கு 'எரிக்' என்று ஆள்பெயரே வைத்திருக்கிறார்கள். எரிக் இன்று வருவாரா என்று மதிய உணவின்போது எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தனிக் காட்சி.

அலைமேல் துரும்பு

வாடைக்காரன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எந்த மாதம் போகிறார் என்று யாருமே கேட்கவில்லையே? மெல்டெமி மே மாதவாக்கில் தலைகாட்டி செப்டம்பரில் அடங்கிவிடும். அதற்கு வெளியே போனால் வாங்கிய பயணச்சீட்டு வீண்.

கரையோரத்தான்

மன்னிக்கவும், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். விடுப்பு பிப்ரவரியில் கிடைத்திருக்கிறது, மாற்ற வழியில்லை. அட்லாண்டிக்கில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஃபூர்ட்டவெந்தூரா ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அங்கே குளிர்காலத்தில் காற்றை நம்ப முடியாது என்று ஒரு நண்பர் சொன்னதால்தான் குழப்பம்.

பாய் தைப்பவர்

ஒரு தீவில் ஏழு ஆண்டுகள் பாய்ப்பலகை வாடகை நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். இப்போது கிழிந்த பாய்களைத் தைத்துப் பிழைக்கிறேன். கிழிசலைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்: பாதிக்கு மேல், பாயை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் விட்ட கதைகள்தாம்.

நண்பர் கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பாயில் காற்று செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. காற்று வேகம் 14 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 20 நாட் ஆகும்போது, எண்ணில் பார்த்தால் ஆறுதான் கூடியிருக்கிறது. கையில் விழும் இழுப்போ இரு மடங்காகிவிடுகிறது. நண்பரின் நான்காம் நாளில் காற்று காலையில் 10, பிற்பகலில் 22 என்று வைத்துக்கொண்டால், அதே 7.0 பாயில் ஏறக்குறைய ஐந்து மடங்கு இழுப்பு. அவர் எறியப்பட்டதில் வியப்பில்லை, மூன்று வீச்சு தாங்கியதில்தான் வியப்பு.

பாயின் அளவைத் தோராயமாகக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. உடல் எடையைக் கிலோவில் எடுத்து 1.34 ஆல் பெருக்கி, நாட் கணக்கிலான காற்று வேகத்தால் வகுத்தால், பலகை நீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடும் பிளேனிங் நிலைக்குப் பொருத்தமான பரப்பு கிடைக்கும். 82 கிலோ உள்ளவருக்கு 15 நாட் காற்றில் 7.3, 20 நாட் காற்றில் 5.5, 25 நாட் காற்றில் 4.4 சதுர மீட்டர் வரும். வெப்பமான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால் வெயில் தீவுகளில் சிலர் இதைவிட ஒரு படி பெரிய பாயை எடுப்பார்கள். 10 பாகை செல்சியஸுக்கும் 30 பாகைக்கும் இடையே அடர்த்தி ஏறக்குறைய 7 விழுக்காடு குறைகிறது. ஆனால் வீச்சு சீராக இல்லாத இடத்தில் அந்த ஆசை வேண்டாம்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், ஒரே பிற்பகலில் 12 நாட்டிலிருந்து 25 நாட் வரை போகக்கூடிய தீவில் ஒரு பாயை வைத்துக்கொண்டு விடுமுறையை ஓட்ட முடியாது. குறைந்தது மூன்று அளவுகள் தேவைப்படும். அந்த மூன்றையும், அவற்றுக்கேற்ற மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்), பூம், இரண்டு பலகைகள் ஆகியவற்றையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோவது செலவிலும் அலைச்சலிலும் கட்டுப்படியாகாது. சொந்தமாக ஹார்னஸ், குளிர் தாங்கும் ஈர உடை (வெட்சூட்), காலணி மட்டும் கொண்டுபோங்கள். கொக்கியை மாட்டும் ஹார்னஸ் கயிறுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், பழகிய நீளம் பெரிய உதவி.

எனவே எந்தத் தீவு என்பதைவிட எந்த வாடகை நிலையம் என்பதில்தான் உங்கள் விடுமுறை அடங்கியிருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பாயை நாளுக்கு எத்தனை முறை மாற்றலாம். முன்கூட்டியே விரித்துக் கட்டிய பாய்கள் எந்த எந்த அளவுகளில் இருக்கின்றன. பாய்கள் அடுக்கியிருக்கும் இடத்திலிருந்து நீர் எவ்வளவு தூரம். மூன்றாவதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். நான் வேலை பார்த்த நிலையத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பாய் அடுக்கு சாலைக்கு அந்தப்புறம் இருந்தது. வெந்த மணலில், எதிர்க்காற்றில், தலைமேல் பாயைச் சுமந்து ஏறி வர யாருக்கும் மனம் வராது; பெரிய பாயோடு இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்பார்கள். அந்த ஒரு சுற்றில்தான் விபத்து. பின்னர் அடுக்கை நீர் விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். அதே ஆட்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை பாய் மாற்றத் தொடங்கினார்கள், என் தையல் வேலை பாதியாகக் குறைந்தது.

மாற்ற முடியாமல் நடுக்கடலில் காற்று ஏறிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். கரைக்கு வந்ததும் பாயை மாஸ்டின் அடிநோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றை இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இழுத்துக் கட்டுங்கள்; பாயின் பின்விளிம்பு மேற்பகுதியில் தளர்ந்து காற்றை வழியவிடும். பூமின் பின்முனை நோக்கி இழுக்கும் அவுட்ஹால் கயிற்றையும் இறுக்கிப் பாயைத் தட்டையாக்குங்கள், பூமை ஒரு விரற்கடை இறக்குங்கள். இவை அடுத்த சிறிய பாய்க்கு மாறுவதில் பாதியளவு உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வாடைக்காரன்

பாய் தைப்பவர் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் பிப்ரவரி என்றால் நான் கரிபியன் பக்கம் போவேன். பொனேர் தீவின் லாக் விரிகுடாவில் இடுப்பளவு ஆழம்தான். கிழக்கிலிருந்து வரும் வணிகக்காற்று அந்த மாதத்தில் நம்பிக்கையாக வீசும். வாட்டர்ஸ்டார்ட் பழகுவதற்கு இடுப்பளவு நீரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம்.

மணற்திட்டு

பொனேர் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. நண்பர் ஃபூர்ட்டவெந்தூராவுக்கு ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டதாகச் சொல்கிறார். குளிர்காலங்களில் ஆறு முறை அங்கே தங்கியவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கேனரி தீவுகளின் காற்றை ஆட்டிவைப்பது அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுப் பகுதியில் நிலைகொள்ளும் உயரழுத்த மண்டலம். கோடையில் அது வலுத்து, வடகிழக்கு வணிகக்காற்று ஏறக்குறைய நாள்தோறும் வீசுகிறது. உலகக் கோப்பைப் போட்டிகள் ஃபூர்ட்டவெந்தூராவின் சோட்டவென்தோ கடற்கரையில் ஜூலையில் நடப்பதற்கும் அதுதான் காரணம். குளிர்காலத்தில் அந்த மண்டலம் இடம் மாறித் தளர, அட்லாண்டிக் புயற்சின்னங்கள் தெற்கே இறங்கிவருகின்றன. அப்போது வணிகக்காற்று ஏறக்குறைய பாதி நாட்களில்தான் இருக்கும். மீதி நாட்களில் காற்றே இராது, அல்லது தென்மேற்கிலிருந்து மழை மேகத்தோடு வரும், அல்லது கலிமா வரும்.

கலிமா என்பது சகாராவின் புழுதியைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. 2020 பிப்ரவரியில் வந்த கலிமாவின்போது அந்தத் தீவுகளின் விமான நிலையங்களையே மூடிவிட்டார்கள். அவ்வளவு கடுமையானது எப்போதாவது ஒரு முறைதான். சிறிய கலிமாக்கள் குளிர்காலத்தில் வந்துபோகும். அடிவானம் மஞ்சளாகி, பல்லிடுக்கில் மணல் நெறுநெறுத்தால் வந்துவிட்டது என்று பொருள். பாயின் தெளிந்த படலத்தில் புழுதி படியும்; அதைத் துணியால் தேய்க்காமல் நன்னீரில் கழுவுங்கள், தேய்த்தால் கீறல் விழும்.

இனி சோட்டவென்தோவைப் பற்றி. அந்தப் பெயருக்குக் காற்றுக்கு மறைவான பக்கம் என்று பொருள். பெயரை நம்பி ஏமாறக்கூடாது. தீவின் தெற்கே ஹந்தியா மலைத்தொடர் 807 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. அதற்கும் தீவின் உடலுக்கும் இடையே தாழ்ந்த மணற்பாங்கான இடுப்புப் பகுதி ஒன்று உண்டு. மலை தடுக்கும் காற்று அந்தத் தாழ்விடத்தின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, கிழக்குக் கரையில் இறங்கும்போது வேகம் கூடிவிடுகிறது. அதனால் தீவின் பிற பகுதிகளுக்கு வானிலை இணையப்பக்கம் 15 நாட் காட்டும்போது இங்கே 22 வீசுவது சாதாரணம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய முன்கணிப்புகள் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பூமியைப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு மலை இடுக்கு அந்தக் கட்டத்துக்குள் தொலைந்துபோகும். எண்ணைவிடத் திசையைப் பாருங்கள். வடக்கு அல்லது வடகிழக்கு என்றால் மேலே கூட்டிக்கொள்ளுங்கள். வேறு திசை என்றால் அந்த இடுக்கு உங்களுக்கு எதுவும் தராது.

இன்னொன்றும் உண்டு. கரைக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் உயரும்போது மட்டும் திட்டுக்கு உட்புறம் நீர் நிரம்பி, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழமுள்ள கடற்கழியாகிவிடும். மற்ற நாட்களில் அதே இடம் வெறும் மணல். முதல் முறை போனபோது விளம்பரப் படத்தில் பார்த்த கழியைத் தேடிக் கொதிக்கும் மணலில் அரை மணி நேரம் நடந்தேன். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், விமானச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியில் நிலவைப் பாருங்கள்.

பிப்ரவரியில் நீரின் வெப்பநிலை 18, 19 பாகைதான். வெயிலைப் பார்த்து அரைக்கால் உடையோடு இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் விரல்கள் விறைத்துவிடும். கைகால் முழுவதும் மூடும் ஈர உடை எடுத்துச்செல்லுங்கள்.

நீர்விளிம்பு

பயிற்றுநராக இருந்தவள் என்பதால், மணற்திட்டு ஐயா லேசாகத் தொட்டுச் சென்ற ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோட்டவென்தோவில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிச் சாய்வாக வீசுகிறது. கரையோரத்தில் நீர் தட்டையாகவும் காற்று மெலிந்தும் தெரிவதால் எளிதென்று தோன்றும். உண்மையில் காற்று தரையைத் தடவி வருவதால் அங்கே அது துண்டு துண்டாக இருக்கும், உள்ளே போகப் போக வலுக்கும். திரும்பத் தெரியாத ஆளை அது நடுக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வாட்டர்ஸ்டார்ட் பத்துக்கு நான்கு என்று சொல்பவர், மீட்புப் படகு ஓடும் நேரத்துக்கு வெளியே அங்கே இறங்கக்கூடாது. படகு எத்தனை மணி வரை நீரில் இருக்கும் என்பதையும் பாய் தைப்பவர் ஐயாவின் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள்.

மாட்டிக்கொண்டால் பலகையை விட்டு விலகவே கூடாது. நீந்துபவரின் தலை அலைகளுக்கு நடுவே படகோட்டியின் கண்ணில் படாது; பலகை படும். பலகை மேல் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள், உலகெங்கும் அறிந்த உதவிக் குறி அது. ஒரு கையை மட்டும் ஆட்டினால் நலம் விசாரிக்கிறீர்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கே அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது.

அடுத்து, நீரைப் படிக்கப் பழகுங்கள். மாறும் காற்றில் ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய கருவி இல்லை. வீச்சு வருவதற்கு முன் நீரின் மேல் கருமையான திட்டு ஒன்று நகர்ந்துவரும். அதன் முன்விளிம்பு சிறு சுருக்கங்களாக, பூனையின் முதுகு மயிர் சிலிர்ப்பதுபோல் இருக்கும். அது உங்களைத் தொடுவதற்கு இரண்டு நொடி முன்பே உடலை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்த்து, பின்னங்கையை இழுத்துப் பிடித்துத் தயாராகிவிட்டால், வந்த விசை பலகையின் வேகமாக மாறும். தொட்ட பிறகு சாய்ந்தால் அது உங்களைத் தூக்கி முன்னால் எறியும். கரையில் அமர்ந்து, ஒரு கருந்திட்டு தொலைவில் தோன்றியதிலிருந்து முதல் ஆள் விழும் வரை எண்ணிப் பாருங்கள். என் மாணவர்களுக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை அதுதான்.

காற்றில்லாத நாட்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெரிய பலகையை எடுத்துக்கொண்டு 8 நாட் காற்றில் பாயைப் பின்புறமாகப் பிடித்து ஓட்டுவது, பலகையை ஒரே இடத்தில் சுற்றித் திருப்புவது, பின்னோக்கிச் செல்வது இவற்றைப் பழகுங்கள். கரிபியனில் அரூபா தீவைச் சேர்ந்த சாரா-கிட்டா ஆஃப்ரிங்கா வித்தைகள் காட்டும் பிரிவான ஃப்ரீஸ்டைலில் பலமுறை உலக வாகையர் ஆனவர். அவர் செய்யும் வித்தைகளின் அடிப்படை அசைவுகள் மெல்லிய காற்றிலும் பழகக்கூடியவைதாம்.

அலைமேல் துரும்பு

மெல்லிய காற்றுக்கு, பலகைக்கு அடியில் தண்டும் இறக்கையும் பொருத்திய ஃபாயில் இருக்கும்போது இந்தப் பழைய பாடங்கள் எதற்கு? 10 நாட் காற்றிலேயே பலகை நீரைவிட்டு எழும்பிப் பறக்கிறது. 2024 ஒலிம்பிக்கிலேயே ஃபாயில்தானே?

நீர்விளிம்பு

பறக்கத் தெரிந்தவருக்குச் சரி. பலகைக்கு அடியில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத் தண்டு நிற்கிறது. இடுப்பளவு கழியில் அது மணலில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். பத்து நாள் விடுமுறையில் மூன்று நாளை ஃபாயில் பழகச் செலவிட்டால் வாட்டர்ஸ்டார்ட் நான்கிலேயே நின்றுவிடும். அவருக்கு இப்போது எது தேவை என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம் என்று நினைக்கிறேன்.

கரையோரத்தான்

அனைவருக்கும் மிக்க நன்றி. பொனேரைப் பற்றி ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். ஆனாலும் ஃபூர்ட்டவெந்தூராவே என்று முடிவு செய்துவிட்டேன். சென்ற முறை தோற்றது மாறும் காற்றிடம்தான் என்பதால், அதையே இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பும் இதில் உண்டு என்பதை மறைக்கவில்லை.

மூன்று வாடகை நிலையங்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று 'வந்து பேசிக்கொள்ளலாம்' என்றது. மூன்றாவது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், 3.7 முதல் 7.5 வரை கட்டிய பாய்கள் இருக்கின்றன, அடுக்கிலிருந்து நீர் வரை ஐம்பது அடி, மீட்புப் படகு மாலை ஐந்து வரை நீரில் இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதியிருந்தது. அங்கேயே பதிவு செய்துவிட்டேன். நான் இறங்கும் மூன்றாம் நாள் பௌர்ணமி. கழி எந்த நாட்களில் நிரம்பும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மணற்திட்டு ஐயா சொன்னால் நன்று.

மணற்திட்டு

உயர்ந்த ஓதம் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்தை எட்டும். எனவே உங்கள் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை கழியை எதிர்பார்க்கலாம். அன்றன்றைய உச்ச ஓத நேரத்தை அட்டவணையில் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்; உச்சத்துக்குப் பிறகு நீர் வடியும் வேகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பலகைக்கு அடியில் நிற்கும் செதில் போன்ற ஃபின் நீளமாக இருந்தால் மணலில் தட்டும் என்பதால், நிலையத்தில் இருப்பவற்றுள் மிகக் குட்டையானதைக் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். வாட்டர்ஸ்டார்ட்டைக் கழியில், 5.5 பாயோடு தொடங்குங்கள். காலில் காலணி இருக்கட்டும். நீர் ஏறும்போது மணலுக்கடியில் மறைந்த கல் எங்கே இருக்கிறது என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.